மூணு மாசம் முடியட்டும்னு சொன்னாங்க

கட்டுச்சோறு விருந்தன்று என் கையில் ஏற்றிய கண்ணாடி வளையல்களை உடைத்தெடுத்தது ஒரு நர்ஸ். பொள்ளாச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபர் வார்டு. சோப்பு நுரை போட்டுப் பார்த்தார், தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார், ஒன்றுகூடக் கழலவில்லை. பதினோரு நாளைக்கு முன்னால் மணிக்கட்டில் குலுங்கி ஆடிய வளையல்கள் அவை. கடைசியில் கையில் துணியைச் சுற்றிக் கட்டில் கம்பியில் தட்டித் தட்டி உடைத்தார். வேப்பங்காப்பை மட்டும் கத்தரியால் நறுக்க முடிந்தது. அதற்குள் பி.பி. மெஷின் இரண்டாவது தடவையாக 168/112 காட்டியிருந்தது. எனக்கு அப்போது 32 வாரம்.

நாங்கள் இருப்பது கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே. ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில், ஆஸ்பத்திரிச் சீட்டு இங்கிலீஷில். பிறந்த வீடு கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம். நான் வேலை பார்ப்பது ஓர் அக்ஷயா சென்டரில், அதாவது கேரளத்து இ-சேவை மையத்தில். பேறுகால உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களின் தாய்-சேய் கார்டை நகல் எடுத்துக் கொடுப்பது என் அன்றாட வேலை. நூற்றுக்கணக்கான கார்டுகளைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து மூடியிருப்பேன். அதில் பி.பி. என்று ஒரு வரிசை உண்டு, எண்கள் எழுதியிருக்கும் என்று தெரியும். அது என்ன சொல்கிறது என்று என் கார்டில்கூட நான் படித்ததில்லை.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த எண்களுக்காகத்தான்.

முதல் பிரசவத்தின்போது எனக்கு 27 வயது. நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் அத்தையிடம்தான் முதலில் சொன்னேன். அவருக்கு வாயெல்லாம் சிரிப்பு. ஆனால் அடுத்த வார்த்தை, "மூணு மாசம் முடியட்டும் கண்ணு, அப்பறம் எல்லார்த்துக்கும் சொல்லிக்கலாம். கண்ணு பட்டுரும்." இதில் அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். என் அம்மாவும் அதையேதான் சொன்னார், எங்கள் பக்கம் யார் வீட்டிலும் அதுதான் வழக்கம். கர்ப்பிணிகளை வீடு தேடி வந்து பதிவு செய்கிற சுகாதாரப் பணியாளர் ஆசா சேச்சி எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அவரிடமும் சொல்லவில்லை. வாசலில் வந்து, "மோளே, விசேஷம் வல்லதும் உண்டோ?" என்று கேட்டபோது ஒன்றுமில்லை என்று சிரித்து அனுப்பினேன். முதல் முறையாக டாக்டரிடம் போனபோது 15 வாரம் ஆகியிருந்தது.

அன்றைய பி.பி. 130/84. "கொஞ்சம் கூட இருக்கு, உப்பைக் குறைங்க" என்றார்கள். 20ஆம் வாரம் 126/80. 24ஆம் வாரம் 132/86. 28ஆம் வாரம் 136/88. எதுவும் 140/90ஐத் தொடவில்லை. நோய் என்று சொல்ல அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். 20 வாரத்துக்குப் பிறகு, நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை 140க்கோ 90க்கோ மேலே போய், சிறுநீரில் புரதம் ஒழுகினால் அல்லது கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணு ஏதாவது கெட்டிருந்தால், அதற்குப் பெயர் ப்ரீஎக்ளாம்ப்சியா. தமிழில் முன்சூல்வலிப்பு என்று எழுதுகிறார்கள். ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. 'பிரசவ ஜன்னி' என்றால் கிழவிகளுக்குச் சட்டென்று முகம் மாறும். ஜன்னி வருவதற்கு முந்தைய நிலைதான் இது.

என் எண்கள் கோட்டுக்குக் கீழேயே நடந்தன. அதனால் யாரும் சிவப்பு மையால் சுழிக்கவில்லை. நாலையும் ஒரே வரியில் எழுதி வைத்துப் பார்த்தால் ஏணி தெரிகிறது. தனித்தனிப் பக்கத்தில், தனித்தனிக் கையெழுத்தில் இருந்தபோது தெரியவில்லை.

முதல் நாள் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ பிரசவத்தில் பி.பி. இருந்ததா? எனக்கு அக்கா தங்கை இல்லை. அம்மாவுக்கு நான் ஒரே பெண், சுகப்பிரசவம் என்றுதான் கேட்டு வளர்ந்தேன். 'இல்லை' என்று சொன்னேன்.

ஏழாம் மாதம் கட்டுச்சோறு ஆக்கி, பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். நம் ஊரில் கர்ப்பிணிக்கு ஆஸ்பத்திரி மாறுகிற நேரம் இது. எனக்கு அதோடு மாநிலமும் மாறியது. கேரளத்துக் கார்டு என் பையின் அடியில் புடவைகளுக்குக் கீழே கிடந்தது. பொள்ளாச்சியில் புது ஃபைல் போட்டார்கள். அதன் முதல் பக்கத்தில் 138/88 என்று ஒரே ஒரு எண். முந்தின ஏணியோடு சேர்த்துப் பார்த்திருந்தால் யாராவது நின்றிருப்பார்கள். புது ஃபைலில் அது வெறும் எண், நடந்து வந்த களைப்பு என்று போய்விட்டது. அவர்கள் பழைய கார்டைக் கேட்கவில்லை, நானும் எடுத்துக் காட்டவில்லை. இதில் யார் பங்கு எவ்வளவு என்று வருஷக்கணக்காக யோசித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அடுத்த பத்து நாளில் உடம்பு சொன்னதையெல்லாம் வீட்டில் ஆளுக்கொன்றாக மொழிபெயர்த்தார்கள். கால் வீங்கியது. அது எல்லோருக்கும் வீங்கும் என்றார்கள், அது ஓரளவு உண்மையும்கூட. காலையில் எழுந்ததும் முகம் வீங்கியிருந்தது. "அம்மா வீட்டுச் சோறு" என்று சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய மூன்று கிலோ ஏறியிருந்தேன். அம்மாயிக்கு அதில் ஒரே பெருமை. வலது விலா எலும்புக்குக் கீழே இறுக்கிப் பிடித்த மாதிரி வலி. கேஸ் என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். அது வீங்கின கல்லீரலின் வலி. தலைவலி வந்தது. பங்குனி வெயில், வேறென்ன சொல்வார்கள்? அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் இருந்த சோற்றின் மேல் சின்னச் சின்ன மத்தாப்புப் பொறிகள் பறந்தன. கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தேன், சுவரிலும் பறந்தன. டியூப்லைட் சாகப்போகிறது என்று நினைத்து அப்பாவிடம் "லைட்ட மாத்துங்கப்பா" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "லைட்டு நல்லாத்தான கண்ணு எரியுது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கிருந்து கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அனுப்பும் முன் மெக்னீசியம் சல்பேட் போட்டார்கள். நரம்பில் ஒன்று, இரண்டு இடுப்பிலும் ஒவ்வொன்று. உடம்புக்குள் மிளகாயைக் கரைத்து ஊற்றின மாதிரி எரியும், வாய் உலரும். வேறு ஊசியாக இருந்தால் பிடுங்கி எறிந்திருப்பேன். 2002இல் வெளியான மாக்பை என்ற பெரிய ஆய்வு, இந்த மருந்து ஜன்னி வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று காட்டியது என்பதைப் பிற்பாடு படித்தேன். குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி இரண்டு. மூன்றாம் நாள் சிசேரியன். பையன் 1,340 கிராம். 27 நாள் இன்குபேட்டர் வார்டு. அந்த நாட்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறாகிவிடும். இப்போது அவன் இரண்டாம் வகுப்பு, தமிழ் மீடியம்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். என்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே பெஞ்சில் அம்மா என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்: "எனக்கும் இப்படித்தானுங்க மாப்ள ஆச்சு. இவளுக்கு முன்னால ஒண்ணு. எட்டாம் மாசம் ஜன்னி வந்துருச்சு. புள்ள நிக்கல." முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத சேதி. பிறகு நான் கேட்டபோது, "செத்த புள்ளயப் பத்தி வாயும் வயிறுமா இருக்கறவகிட்டச் சொல்றதாக்கும்?" என்று அழுதார். என்ன பதில் சொல்வது? படிவத்தில் நான் சொன்ன 'இல்லை' பொய்யாகிவிட்டது. அம்மாவுக்கு வந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு கூடும்.

இந்த நோய் ஏன் வருகிறது என்று எனக்கு விளங்க வைத்தது பாலக்காட்டில் நான் பிறகு பார்த்த டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் விவசாயி என்று தெரிந்ததும் வாய்க்காலை வைத்துச் சொன்னார். எங்கள் ஊருக்கு ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறை வழியாக வாய்க்காலில் வருகிறது. எங்கள் வயல் கடைமடை. கர்ப்பப்பையின் சுவரில் இருக்கும் ரத்தக்குழாய்கள் ஆரம்பத்தில் திருகின சின்ன ஓடைகள். நச்சுக்கொடி வேர்விடும்போது அந்த ஓடைகளைக் கரை தளர்த்தி அகல வாய்க்காலாக்க வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் 16 முதல் 20 வாரத்துக்குள் முடிந்துவிடும். சிலருக்கு அகலமாவதில்லை. குழந்தை சின்னதாக இருக்கும்வரை ஓடைத் தண்ணீர் போதும். ஏழு, எட்டு மாதத்தில் தேவை கூடும்போது கடைமடை காய்கிறது. காய்கிற நச்சுக்கொடி தாயின் ரத்தத்தில் சில பொருட்களைக் கொட்டுகிறது. அவை உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களின் உள்சுவரைக் கெடுக்கின்றன. பி.பி. ஏறுவது, புரதம் ஒழுகுவது, கண்ணில் பொறி பறப்பது எல்லாம் அதன் விளைவு.

"அப்ப சித்திரையில வயல் காயறது, மார்கழியில வாய்க்கால் வெட்டாத கொறையா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றார் டாக்டர். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நோய் தெரிவது ஏழாம் மாதம். அது விதைக்கப்படுவது முதல் மூன்று, நான்கு மாதத்தில். தடுக்க முடிந்த காலமும் அதுதான். சரியாக அந்த மூன்று மாதத்தைத்தான் நாங்கள் யாருக்கும் சொல்லாமல் மூடி வைக்கிறோம்.

பையனுக்கு ஐந்து வயது ஆனபோது இரண்டாவது. சோதனைக் குச்சியில் இரண்டாவது கோடு விழுந்த அன்று சாயங்காலமே ஆசா சேச்சி வீட்டுக்கு நானே நடந்து போய்ச் சொன்னேன். அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் மறுத்துப் பேசவில்லை.

12ஆம் வாரம் பாலக்காட்டில் நடந்ததை விவரமாகவே சொல்கிறேன். ஒரு கையில் பி.பி. பார்த்து எழுதிவிட்டு அனுப்புகிற வழக்கமான வேலை அல்ல அது. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார்கள். முதுகு சாயும் நாற்காலி, கால் தரையில், கால் மேல் கால் போடக்கூடாது, ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்க வேண்டும். பிறகு இரண்டு கையிலும், இரண்டிரண்டு தடவை. சராசரி 124/78. அதிலிருந்து இன்னொரு எண் கணக்கிட்டார்கள்: கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுக்க வேண்டும். 124ம் 156ம் 280, மூன்றால் வகுத்தால் 93 சொச்சம். இதைச் சராசரித் தமனி அழுத்தம் என்கிறார்கள். வயது, எடை, உயரம், முந்தைய பிரசவம், அம்மாவின் கதை எல்லாவற்றையும் கேட்டார்கள். இந்தத் தடவை நான் 'உண்டு' என்றேன்.

அடுத்து ஸ்கேன். 11 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் குழந்தையின் பின்கழுத்தை அளக்க எல்லோருக்கும் எடுக்கும் அதே என்.டி. ஸ்கேன்தான். அதிலேயே கர்ப்பப்பைக்குப் போகும் இரண்டு தமனிகளிலும் டாப்ளர் வைத்துப் பார்த்தார்கள். ரத்தம் தடையில்லாமல் போகிறதா, முட்டி முட்டிப் போகிறதா என்பது அதில் தெரியும். வாய்க்கால் அகலத்தைக் கரையில் நின்று அளக்கிற மாதிரி. குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு இருக்குமா என்று பார்க்கிற டபுள் மார்க்கர் சோதனைக்கு எடுக்கும் ரத்தத்திலேயே பி.எல்.ஜி.எஃப். என்ற ஒரு புரதத்தையும் பார்க்கச் சொன்னார்கள். நச்சுக்கொடி நன்றாக வளர்ந்தால் அது கூடுதலாக இருக்கும், தடுமாறினால் குறையும். இந்த நான்கையும், அதாவது கதை, அழுத்தம், டாப்ளர், ரத்தம், கணினியில் போட்டால் 'இத்தனை பேரில் ஒருவர்' என்று ஒரு விகிதம் வரும். 100இல் 1 அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதல் ஆபத்து. சீக்கிரமே வரக்கூடிய, 37 வாரத்துக்கு முன் பிரசவம் பார்க்க வைக்கிற வகையில், ஏறக்குறைய முக்கால்வாசிப் பேரை இது முன்கூட்டியே பிடித்துவிடும். மீதிக் கால்வாசி தப்பிவிடும் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

டாக்டரம்மா நேர்மையானவர். "உங்களுக்கு இந்த டெஸ்ட் இல்லாமலே மாத்திரை எழுதியிருப்பேன். ஒரு தடவை வந்தவங்களுக்குக் கேள்வியே இல்லை" என்றார். முன்பு வந்திருப்பது, ஏற்கெனவே பி.பி. அல்லது சர்க்கரை இருப்பது, சிறுநீரகக் கோளாறு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற லூபஸ் போன்ற நோய்கள், இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். தலைப்பிரசவம், 40ஐ நெருங்கும் அல்லது தாண்டின வயது, உடல் பருமன், இரட்டைக் குழந்தை, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தது, முந்தைய பிரசவத்துக்கும் இதற்கும் பத்து வருஷத்துக்கு மேல் இடைவெளி, இவை ஒன்றுக்கு மேல் சேர்ந்தால் யோசிக்க வேண்டும். இதற்கெல்லாம் எந்த மெஷினும் வேண்டாம், வாய் திறந்தால் போதும். பி.எல்.ஜி.எஃப். எல்லா ஊர் லேபிலும் கிடைக்காது, காசும் ஆகும். அது கிடைக்கவில்லை என்று யாரும் சோர்ந்து போக வேண்டாம். என் முதல் பிரசவத்தில் எனக்கு ஆபத்து கூடுதல் என்று கண்டுகொள்ள அம்மாவின் ஒரு வாக்கியமும் ஒரு பி.பி. மெஷினும் போதுமாக இருந்திருக்கும்.

மாத்திரை என்ன தெரியுமா? ஆஸ்பிரின். சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனால், கடைக்காரப் பையன் என்னை ஒரு தடவை, வயிற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அக்கா, இது ஹார்ட் மாத்திரை, ஆருக்கு?" என்றான். வீட்டில் இன்னும் மோசம். மாமனார் ஆஞ்சியோ செய்துகொண்டவர். அவருடைய பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கும் அதே அட்டை. அத்தை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமனுக்குக் குடுக்கறத மசக்கைக்காரிக்கு எழுதிக் குடுத்துருக்காங்க, அந்த டாக்டருக்குக் கிறுக்கா" என்று ஆரம்பித்தார். மறுநாள் டாக்டரிடம் போனில் பேச வைத்தபிறகுதான் சமாதானமானார்.

150 மி.கி., ராத்திரி, 36 வாரம் வரை. இதன் பின்னால் இருக்கும் ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஆஸ்ப்ரீ என்று பெயர். இப்படிச் சோதித்து ஆபத்து கூடுதல் என்று தெரிந்த பெண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆஸ்பிரின், மறுபாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பிரின் சாப்பிட்ட 798 பேரில் 13 பேருக்கு 37 வாரத்துக்கு முன் இந்த நோய் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 822 பேரில் 35 பேருக்கு வந்தது. 2019இல் உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் முதல் மூன்று மாதத்தில் இந்தச் சோதனை வேண்டும் என்று பரிந்துரைத்தது. மாத்திரையை 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் தடவை நான் டாக்டரைப் பார்த்தது 15ஆம் வாரம் என்று சொன்னேனே, அன்றே யாராவது கேட்டிருந்தால்கூட ஒரு வாரம் மிச்சம் இருந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு மாமனார் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆஸ்துமா, குடல்புண், ஆஸ்பிரின் ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஆகாமல் போகலாம். யாருக்கு வேண்டும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டால் விடாமல் சாப்பிட வேண்டும். விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களுக்குப் பலன் குறைவு. நான் அட்டையைத் தினசரி காலண்டரின் ஆணியில் ரப்பர் பேண்டு போட்டுத் தொங்கவிட்டேன். ராத்திரி படுக்கும் முன் தேதியைக் கிழிப்பேன், மாத்திரையைப் போடுவேன். தேதி கிழியாமல் இருந்தால் பையன் வந்து எழுப்புவான்.

கால்சியமும் முக்கியம். பால், தயிர், ராகி சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு கால்சியம் மாத்திரையே இந்த நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது. அரசு துணை சுகாதார நிலையத்திலேயே கொடுக்கிறார்கள், தினம் 500 மி.கி. இரண்டு. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக்கூடாது, ஒன்று மற்றதைச் சேரவிடாது. அத்தை மூன்றையும் ஒரே டம்ளர் தண்ணீரில் முடிக்கச் சொல்வார், பிற்பாடு கழுவ ஒரு டம்ளர்தானே என்று.

வீட்டுக்கு பி.பி. மெஷின் வாங்கினோம். மணிக்கட்டில் கட்டுகிறது வேண்டாம், மேற்கையில் கட்டுகிறதுதான். பட்டை கையின் பருமனுக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பி.பி. ஏறும். இன்னொன்று, அளக்கும்போது பேசக்கூடாது. இது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். மெஷின் ஊதும்போதுதான் அத்தைக்கு மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்க வேண்டியது நினைவுக்கு வரும். ஒரே காலையில் 136ம் 122ம் பார்த்திருக்கிறேன். நடுவில் இருந்தது பிண்ணாக்குப் பேச்சு மட்டும்தான். பிறகு ஒரு நோட்டில் தேதி, வாரம், எண் என்று ஒரே பக்கத்தில் கீழே கீழே எழுதினேன். ஏணி இருந்தால் தெரிந்துவிட வேண்டும்.

இந்தத் தடவை ஏழாம் மாதம் நான் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை, அம்மா இங்கே வந்தார். சொந்தத்தில் இதற்கு வந்த பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. எல்லோருக்கும் இது ஒத்துவராது என்று தெரியும். போகிறவர்கள் பழைய கார்டைப் புடவைக்கு அடியில் வைக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து, வீட்டுக்காரர் போனிலும் ஒரு நகல் இருக்கட்டும். எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் பிக்மி எண், அதாவது அந்த அரசின் கர்ப்பிணிப் பதிவு எண் கேட்பார்கள், அதற்குப் பதிவு முன்பே செய்துவிடுவது நல்லது. மாதம் 9ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை நடக்கும், 2016 முதல் இரண்டு மாநிலத்திலும் உண்டு. எந்தப் பக்கம் இருந்தாலும் அன்றைக்குப் போய்க்கொள்ளலாம். 108 இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

என் நாத்தனாருக்குத் தலைப்பிரசவம், 24 வயது. அவளையும் 12ஆம் வாரம் கூட்டிக்கொண்டு போனேன். '58இல் 1' என்று வந்தது. காகிதத்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதாள். அவள் மாதிரி 58 பேரில் 57 பேருக்கு அந்த வகை வராது என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். மாத்திரை சாப்பிட்டாள், வரவில்லை. மாத்திரையால் வரவில்லையா, வந்தே இருக்காதா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அதே மாதத்தில் சோதித்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குறைந்த ஆபத்து என்று வந்தது, அவள் அதற்குப் பிறகு பி.பி. பார்ப்பதையே விட்டுவிட்டாள். இது எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காகிதம் நன்னடத்தைச் சான்றிதழ் அல்ல.

எனக்கும் கதை முழுக்க மங்களமாக முடியவில்லை. 37 வாரம் ஆனதும் நோட்டில் 142/92 விழுந்தது. சாயங்காலம் 144/94. முடிகிற காலத்தில் வரும் பி.பி.யை ஆஸ்பிரின் அவ்வளவாகத் தடுப்பதில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மறுநாளே அட்மிட் ஆகி, அடுத்த நாள் சிசேரியன். பெண் குழந்தை, 2,650 கிராம். பிறந்ததும் அழுதாள், என் மார்பிலேயே படுக்க வைத்தார்கள். இரண்டு வளையல் கையிலேயே இருந்தது, கழலவும் கழன்றது.

நாலாம் நாள் வீட்டில் 150/98. பிள்ளை பிறந்தால் தீர்ந்தது என்று நினைக்கக்கூடாது. பிரசவத்துக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறாம் நாள் வரை பி.பி. ஏறுவது சகஜம், ஆறு வாரம் வரைக்கும் ஜன்னிகூட வரலாம். பத்தியச் சாப்பாட்டு மும்முரத்தில் யாரும் மெஷினை எடுக்க மாட்டார்கள். ஐந்து வாரம் மாத்திரை சாப்பிட்டேன். இந்த நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு என்பதால், இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு 156/90. முப்பது வருஷத்துக்கு மேலாக அவரை யாரும் அதற்காகப் பார்த்ததில்லை.

அம்மா இப்போது மாறிவிட்டார், கொஞ்சம் அளவுக்கு அதிகமாகவே. போன தையில் நாட்டுக்கல்லில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் எங்களுக்கு எதிர் வரிசையில் சித்தப்பா மகளின் மாமியார் வீட்டார். சித்தப்பா மகளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பது எங்கள் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அம்மா சாம்பாருக்குக் குழி பறித்துக்கொண்டே, எதிரே இருந்த மாமியாரம்மாவிடம் ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டார்: "ஏனுங்க, உங்கூட்டுல ஆருக்காச்சும் பிரசவத்துல ஜன்னி வந்துருக்குதுங்களா?"

பொரியல் வைத்துக்கொண்டு வந்த பையன் கரண்டியோடு நின்றுவிட்டான். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. வரிசையின் கடைசியில் இருந்த ஒரு பாட்டி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்ற மூத்தவளுக்கு வந்துச்சு சாமி" என்றார்.